மூன்று பேருமா பொய் சொல்வார்கள்?

கண்ணு,

ஆபீஸ் மாற்றலில் நீ கல்கத்தா போய்ச் சேர்ந்த தந்தி போன வாரம் வந்தது. தந்திக்காரன் சைக்கிளை நிறுத்தியதுமே உன் அம்மா வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நம் தெருவில் தந்தி என்றால் சாவுச் செய்தி என்றுதான் எல்லோருக்கும் எண்ணம். "ஒண்ணும் இல்லம்மா, சொகமா போய்ச் சேந்துட்டாராம்" என்று அவனே படித்துச் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. அப்புறம் அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள் மாதிரி மீன் கழுவப் போய்விட்டாள்.

நான்தான் இன்னும் சென்ட்ரல் ஸ்டேஷனிலேயே நின்றுகொண்டிருக்கிறேன். வண்டி கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாயே, அது காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. "நாளைக்கு உனுக்கு ஒண்ணுன்னா நான் இன்னா பண்ணுவேன் நைனா? அவ மொகத்தப் பாக்கறப்பல்லாம் அதானே தோணும்? அதுக்கு இப்பவே வாணாம்னு வுட்டுடறது மேலு." நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. இருமி முடிப்பதற்குள் கார்டு வண்டியும் போய்விட்டது. எனக்கு எப்போதுமே பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப் போவதில்லை. அதனால் உனக்குத் தெரிந்த சமாசாரத்தையும் முதலிலிருந்து சொல்லுவேன். கிழவன் வளர்த்துகிறான் என்று பக்கத்தைத் தள்ளிவிடாதே.

உன்னோடு ஆபீசில் வேலை பார்க்கும் சரோஜாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாய். வியாசர்பாடிப் பெண், அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். எனக்குச் சம்மதம், உன் அம்மாவுக்கும் சம்மதம். பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த அன்று உன் அம்மா பஸ்ஸிலேயே புடைவை நிறம் பேச ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் ஜாதகம் வந்தது. பெண் மூல நட்சத்திரம். மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஒரு பேச்சு நம் ஜனங்களிடம் இருக்கிறதல்லவா, உடனே உன் மாமா கன்னியப்பன் ஜாதகத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினான். ராயபுரத்தில் ஒருவர், தண்டையார்பேட்டையில் ஒருவர், திருவொற்றியூரில் ஒருவர் என்று மூன்று ஜோசியர்களைப் பார்த்தான். மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள். கல்யாணம் ஆகி இரண்டு வருஷத்துக்குள் மாமனார் போய்விடுவாராம். அந்த மாமனார் நான்தான்.

அன்றைக்கு வீடு கிடந்த கிடப்பு உனக்கே தெரியும். நான் மெதுவாக, "இதெல்லாம் பார்த்தால் ஆகுமா" என்று ஆரம்பித்தேன். உன் அம்மா என்னை முடிக்க விடவில்லை. "ஒருத்தன் சொன்னா பொய்யின்னு தள்ளிடலாம். ரெண்டு பேருன்னாகூடப் போவட்டும்னு வுடலாம். மூணு பேருமாய்யா பொய் சொல்லுவாங்க? எனுக்கு என் தாலி பெர்சா, உன் நாயம் பெர்சா?" என்றாள். அவள் அந்தப் பெண்ணை வெறுத்துச் சொல்லவில்லை. என்னை இழக்கப் பயந்து சொன்னாள். இத்தனை வருஷம் என்னோடு குப்பை கொட்டியவள் இன்னும் நான் வேண்டும் என்கிறாளே என்று ஒரு பக்கம் சந்தோஷமாகக்கூட இருந்தது. சண்டை போடத் தெம்பில்லை. பாயை விரித்துப் படுத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரிக்காதே. நானும்தான் ஆடிப்போனேன். வெற்றிலைக் கடையில் நிற்கும்போது, பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, பட்டென்று இரண்டு வருஷம் என்கிற சொல் வந்து எதிரே நிற்கும். புதுச் செருப்பு வாங்கலாம் என்று போய், எதற்கு, இருப்பதே போதும் என்று திரும்பி வந்தேன். ஆகையால் நீ தலையைக் குனிந்துகொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாயே, அதைப் பற்றி எனக்குக் கோபம் இருந்தாலும் அந்தக் கோபத்தை நீட்ட மனசு வரவில்லை. காலேஜில் கணக்குப் படித்தவன் இப்படிக் குந்தியிருக்கிறானே என்று எரிச்சலாக வந்தது. என் உயிருக்காகத்தான் குந்தியிருக்கிறான் என்று தெரிந்ததும் எரிச்சல் போய் அலுப்புத்தான் மிஞ்சியது.

உங்கள் மவுண்ட் ரோட்டு ஆபீசுக்கு ஒரு தடவை என்னைக் கூட்டிப்போனாயே, நினைவிருக்கிறதா? நூறு தையல் மிஷினை ஒரே அறையில் போட்டு ஓட்டின மாதிரி சத்தம். வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து, காகிதத்தில் இருக்கிற எண்ணைப் பார்த்துப் பார்த்து அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ஓட்டைகளைத்தான் உன் பெரிய மிஷின் படித்துக் கூட்டும், பெருக்கும் என்றாய். ஒருத்தி அடித்து முடித்த அட்டைகளை இன்னொருத்தியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவள் மறுபடியும் அதே காகிதத்தைப் பார்த்து, அதே எண்களை, முதலிலிருந்து அடித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. செய்த வேலையையே எதற்குத் திரும்பச் செய்கிறார்கள்? கம்பெனிக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் அதிகமாகிவிட்டதா? அந்த இரண்டாவது பெண்தான் சரோஜா. அவள் அடிப்பது முதல் பெண் அடித்ததோடு எங்கே பொருந்தவில்லையோ அங்கே மிஷின் நின்று விளக்கு எரியும் என்று அவளே காட்டினாள்.

நான் அவளிடம் கேட்டேன்: "முதல்ல அடிச்ச பொண்ணு உன் பக்கத்துலதானேம்மா உக்காந்திருக்கு. எழுத்து வெளங்கலைன்னா அதையே ஒரு வார்த்தை கேட்டுக்கினா இன்னா?" அவள் சிரித்தாள். "கேட்டா போச்சுங்க. அது தப்பா படிச்சிருந்தா நானும் அதையேதான் அடிப்பேன். வெளக்கு எரியாது. அப்பால நான் எதுக்கு இங்க குந்திகினு கீறேன்?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆபீசில் பேசுகிற பேச்சு இல்லை என்று நினைத்தாள்போல. எனக்கு அந்த இடத்திலேயே அவளைப் பிடித்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு நீ எனக்கு அந்தக் கணக்கைச் சொன்னாய். "ஒரு பொண்ணு நூறு தபா அடிச்சா ஒரு தபா தப்பு வருதுன்னு வெச்சுக்கோ நைனா. ரெண்டாவது பொண்ணும் அதே மாதிரி. ரெண்டு பேருக்கும் ஒரே எண்ணுல தப்பு வரணும்னா நூறை நூறால பெருக்கணும், பத்தாயிரத்துல ஒண்ணு. மூணாவதா ஒருத்தியையும் குந்த வெச்சா பத்து லட்சத்துல ஒண்ணு." எனக்கு மலைப்பாக இருந்தது. வெறுமனே திரும்பச் செய்வதிலேயே இவ்வளவு இருக்கிறதா என்று கேட்டேன். "ஆனா ஒருத்திய ஒருத்தி பாக்கக் கூடாது. பாத்தா பெருக்கல் செல்லாது. எத்தினி பேரு குந்தினாலும் ஒருத்தி குந்தின மாதிரிதான்" என்றாய். அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது படுத்துக்கொண்டு யோசித்தால், உன் அம்மா கேட்டதும் உன் கணக்கும் ஒன்றே என்று தெரிகிறது. மூன்று பேருமா பொய் சொல்வார்கள்? பள்ளிக்கூடம் போகாதவள், பெருக்கித்தான் கேட்டிருக்கிறாள். அவள் பெருக்கியது தப்பில்லை. பெருக்கலாமா என்பதுதான் கேள்வி. இது தோன்றியதும் எனக்கு ஜேம்ஸ் ஞாபகம் வந்தது.

ஜேம்ஸை நீ பார்த்திருக்கிறாய். கிறிஸ்துமஸுக்குக் கேக் கொண்டுவருவானே, கறுப்புக் கோட்டு, அவன்தான். துறைமுகத்தில் நான் கரைப்பக்கத்து டேலி கிளார்க், அவன் கப்பல்பக்கத்து டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை இரண்டு பேரும் எண்ண வேண்டும். தனித்தனியாக எண்ணி, சாயங்காலம் ஒத்துப்பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இரண்டு பேருக்குச் சம்பளம். ஆனால் சாயங்காலம் கணக்கு ஒத்துவராவிட்டால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போக முடியாது. அதனால் நாங்கள் எல்லோரும் செய்கிறதையே செய்தோம். கொக்கி இறங்கும்போதெல்லாம் அவன் சத்தமாக எண்ணுவான், நானும் அதே எண்ணைத் திருப்பிச் சொல்லி ஒரு கோடு போடுவேன். எனக்கு வெற்றிலை மடிக்க வேண்டும் என்றால் அவன் எண்ணியதை நான் எழுதிக்கொள்வேன். அவன் சுருட்டுப் பற்றவைத்தால் நான் எண்ணியது அவனுக்கு. சாயங்காலம் கணக்கு கனகச்சிதமாக ஒத்துவரும். துரை கையெழுத்துப் போடுவான். துறைமுகத்தில் எங்களுக்கு நல்ல பெயர்.

உலகச் சண்டை முடிந்த வருஷம், ரேஷன் காலம், ஒரு அரிசிக் கப்பல் வந்தது. கயிற்றில் கட்டிக் கொக்கி தூக்குகிற ஒரு தூக்குக்குப் பன்னிரண்டு மூட்டை. தூக்கை எண்ணிப் பன்னிரண்டால் பெருக்கினால் கணக்கு. மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் கூலிகளின் மேஸ்திரி ஏழுமலை கயிற்றைத் தடவிப் பார்த்திருக்கிறான். பிரி விட்டிருந்தது. இத்தனை நாள் தூக்கின கயிறு இன்னொரு தடவையும் தூக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை அல்லவா, கீழே நிற்கிறவன் தலைமேல் விழுந்தால்? பத்துப் பத்தாகக் கட்டச் சொல்லிவிட்டான். நானும் ஜேம்ஸும் நிழலில் நின்று தூக்கை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தோம். அவன் சொல்ல நான் சொல்ல, பன்னிரண்டாலேயே பெருக்கினோம். கணக்கு ஒத்துவந்தது. கிடங்கில் மூட்டை குறைந்தது.

ஒரு தூக்குக்கு இரண்டு மூட்டை, பெருக்கினால் சின்ன விஷயமா? அரிசிக்கு ஜனங்கள் அடித்துக்கொள்கிற நாளில்! துரை எங்கள் இரண்டு பேர் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். இரண்டு கிளார்க்குகள் தனித்தனியே எண்ணியது ஒரே எண், ஆகவே சரக்கு கப்பலை விட்டு இறங்கியிருக்கிறது, ஆகவே கூலிக்காரர்கள்தான் திருடியிருக்கிறார்கள். ஏழுமலையையும் அவன் ஆட்களையும் கேட்டில் நிறுத்தி, தலைத்துண்டை உதறச் சொல்லி, இடுப்பு வேட்டியை அவிழ்க்கச் சொல்லிச் சோதித்தார்கள். ஷிப்ட் மாறுகிற நேரம், துறைமுகமே பார்த்துக்கொண்டு போயிற்று. "சாமி, துன்னுட்டு வந்தப்பறம் பத்துப் பத்தாத்தான் கட்டினோம். கயிறு நைஞ்சு கீது, போய்ப் பாரு சாமி" என்று ஏழுமலை கத்தினான். யார் கேட்டார்கள்? நானும் ஜேம்ஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். உடனே துரையிடம் ஓடினோம். எங்கள் பெருக்கல் தப்பு என்று நாங்களே சொன்னதை அவனால் நம்ப முடியவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே தப்பு எப்படி வரும் என்று திரும்பத் திரும்பக் கேட்டான். குறைந்த மூட்டை கப்பலிலேயே மிச்சம் இருப்பதை எண்ணிப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டான். ஏழுமலை துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அவன் எங்களைத் திட்டியிருந்தால் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

இது ஞாபகம் வந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கன்னியப்பனைக் கிளப்பிக்கொண்டு திருவொற்றியூர் ஜோசியரிடம் போனேன். பரிகாரம் கேட்கிற சாக்கு. நல்ல மனுஷர், மோர் கொடுத்தார். ஜாதகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "முன்னே பார்த்த ரெண்டு பேரும் ரெண்டு வருஷம்னு சொன்னதால நானும் சொல்றேன்னு நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தார். "முன்னே ரெண்டு பேரு சொன்னது உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். அவர் கன்னியப்பனைப் பார்த்தார். கன்னியப்பன் கூரையைப் பார்த்தான். "நான்தான் சொன்னேன் மாமா. ராயபுரத்துக்காரரு இப்டி சொன்னாரு, கரீட்டான்னு பாத்து சொல்லுங்கன்னு தண்டார்பேட்டையில கேட்டேன். அப்பால ரெண்டு பேரும் இப்டி சொல்றாங்கன்னு இவராண்ட சொன்னேன். அவருக்கும் சொம்மா சிரமம் வாணாமேன்னு..." என்று இழுத்தான். அடேய் கன்னியப்பா! உன் நல்ல மனசில் மண்ணைப் போட!

ஜோசியர் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, "நான் கணக்குப் போடலைன்னு சொல்ல மாட்டேன். போட்டேன். ஆனா விடை முன்னாடியே காதுல விழுந்துட்டா, கணக்கும் அங்கேதானே போய் நிக்கும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக் கும்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன். என்னையும் ஜேம்ஸையும் பற்றி எனக்கே இவ்வளவு நன்றாகச் சொல்லத் தெரிந்திருக்காது. மூன்று பேர் சொல்லவில்லையடா, ஒருவர் சொன்னார். மற்ற இரண்டு பேரும் நிழலில் நின்று திருப்பிச் சொன்னார்கள். அதை நாம் பத்து லட்சத்தில் ஒன்றாகப் பெருக்கி, ஒரு பெண்ணைக் கேட்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பியை நாலு வசவு வைதாள். அப்புறம் அரிசி புடைப்பதை நிறுத்தாமலே கேட்டாள்: "சர்தான், மூணு பேரும் ஒருத்தன்தான்னே வெச்சுக்க. அந்த ஒருத்தன் சொன்னது நெசமா இருந்தா?" பார்த்தாயா! நீ படித்த காலேஜில் இவளை உட்காரவைத்திருந்தால் உன் புரொபசர் வேலையை விட்டுவிட்டு ஓடியிருப்பார்.

இதற்கு என்ன பதில் என்று இரண்டு நாள் அலைந்தேன். என் மார்பிலேதான் பதில் இருந்தது. அரிசி வேலைக்கு அப்புறம் நானும் ஜேம்ஸும் நிலக்கரி இறக்குகிற பக்கம் போனோம். எத்தனை வருஷம் அந்தத் தூளைக் குடித்தோம் என்று உனக்குத் தெரியும். நான் கழற்றிப் போடுகிற சட்டையைத் தண்ணீரில் முக்கினால் வாளி கறுத்துப் போகும் என்று உன் அம்மா புலம்புவாளே. ஜேம்ஸ் முதலில் இரும ஆரம்பித்தான். மூன்று மழைக்காலம் தாங்கினான். நாலாவதில் போய்விட்டான். ஏழுமலையும் அங்கேதான் வேலை பார்த்தான், அவனும் அதே இருமலில்தான் போனான். இப்போது நான் இருமுகிறேன். நீ சரோஜா என்ற பெயரை வீட்டில் சொல்வதற்கு முன்னாலேயே எனக்கு எச்சிலில் ரத்தம் வந்தாயிற்று. பெரியாஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "கரியில் வேலையா?" என்று மட்டும் கேட்டார். எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. உங்களிடம் சொல்லவும் இல்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது, இரண்டு பேரும் சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

உன் அம்மாவை உட்காரவைத்து இதையெல்லாம் சொன்னேன். ரத்தம் என்றதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "ஜேம்ஸ் மருமகளுக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டேன். "அவங்க வேதக்காரங்க, அவங்களுக்கு ஏதுய்யா நட்சத்திரம்?" என்றாள். "அப்படின்னா அவன் எப்படிச் செத்தான்?" முறத்தில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டினாள். "ஏழுமலை மருமகளுக்கு?" அது அவளுக்குத் தெரியும், நம் தெருவிலேயே நிச்சயம் நடந்தது. ரோகிணி. பத்துப் பொருத்தமும் இருந்தது. ஆனாலும் அவன் செத்த பதினாறாம் நாள் அந்தப் பெண்ணை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? செவ்வாய்க்கிழமை வீட்டுக்குள் கால் வைத்தாளாம். நட்சத்திரம் நன்றாக இருந்ததால் கிழமையைப் பிடித்தார்கள். கிழமை நன்றாக இருந்திருந்தால் எந்தக் காலை முதலில் வைத்தாள் என்று பிடித்திருப்பார்கள். செய்யாத திருட்டுக்குக் கேட்டில் நின்றவன் வீட்டிலேயே இது நடந்தது. கரி இறக்குகிற எங்களில் பாதிப் பேர் அறுபதைப் பார்ப்பதில்லை. மருமகள் என்ன நட்சத்திரம் என்று சாவு விழாத வீட்டில் போய் யாராவது கேட்டிருக்கிறார்களா? விழுந்த வீட்டில் மட்டும்தான் கேட்கிறார்கள்.

ஆகையால் இதைக் கேட்டுக்கொள். நீ அவளைக் கட்டினாலும் நான் போவேன், கட்டாவிட்டாலும் போவேன். அந்த ஏழுமலையின் கயிறு மாதிரிதான் என் மார்பு. நேற்று தாங்கியதால் நாளைக்கும் தாங்கும் என்று நானும் சொல்லமாட்டேன், மூலத்தால் அறுந்தது என்று யாரையும் சொல்லவிடவும் மாட்டேன். அந்த ஜோசியர் சொன்ன இரண்டு வருஷத்துக்குள் நான் போனால் அவர் வாக்குப் பலித்தது என்பார்கள். போகாவிட்டால் பரிகாரம் காப்பாற்றியது என்பார்கள். அவர்கள் தோற்கவே முடியாத ஆட்டம் அது. அதில் என்னைக் காயாக வைத்து ஆடுகிறார்கள், தோற்கப் போவது மட்டும் அந்தப் பெண். எனக்குச் சாவைப் பற்றி இப்போது பெரிய பயம் இல்லை. அலுத்துவிட்டது, ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் படுக்கத்தானே வேண்டும். நான் கட்டையாகக் கிடக்கும்போது ஒரு மூலையில் அவள் நின்றுகொண்டிருப்பாள், வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு அவளைப் பார்ப்பார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்களோடு சேர்ந்து நீயும் அவளை ஒரு பார்வை பார்ப்பாய் என்று ரயிலில் உன் வாயாலேயே சொன்னாய். அந்த ஒரு பார்வைக்காகத்தான் இத்தனை பக்கம் எழுதினேன்.

எனக்குப் பதில் எழுதுவதற்கு முன்னால் அவளுக்கு எழுது. நான் வியாசர்பாடிக்குப் போய் ஃபிட்டரைப் பார்த்துப் பேசிவிட்டேன். என் இருமலைக் கேட்டுவிட்டு அவர்தான் தயங்கினார். தன் பெண்ணுக்குப் பழி வந்துவிடுமே என்றார். நியாயமான பயம். அவரிடமும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இந்தக் கடிதம் எழுதப் போவதாகவும் சொன்னேன். இதை நான் ஒட்டி அனுப்பப் போவதில்லை. இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று சரோஜா கைக்கு, திறந்தபடியே. வழியில் கன்னியப்பன் படிக்கட்டும், ஃபிட்டர் படிக்கட்டும், தெருவே படிக்கட்டும். இன்னொன்று உனக்கு. நான் உயிரோடு, புத்தி தெளிவாக, மூச்சு வாங்கிக்கொண்டு, என் கையால் எழுதுகிறேன்: என்னைக் கொண்டுபோவது கரி. அந்தப் பெண் இல்லை. தை மாதத்துக்கு லீவு கேள்.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு உன் அம்மாவை உட்காரவைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். அவளைப் பற்றி எழுதிய இடத்தில் ஒரு தடவை சிரித்தாள். ரத்தம் என்ற இடத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முடித்த பிறகு சாமி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, இவள் மனசு மாறவில்லை என்று நான் காகிதத்தை மடித்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணம் நடக்கட்டும்யா. எனுக்குப் புரியாம இல்ல" என்றாள். "ஆனா நீ போற அன்னிக்கு நான் நானா இருப்பேனா? மார்ல அடிச்சிகினு அழும்போது என் வாயில இன்னா வரும்னு எனுக்கே தெரியாது. அந்தப் பொண்ணு தலையில எதனா தூக்கிப் போட்டுடுவேன்யா, நானே. அப்ப இத எடுத்து எனுக்குப் படிச்சுக் காட்டச் சொல்லு."

எழுதுகிறேன் என்றேன். அவள் எழுந்து நாலு எட்டு வைத்தாள். மறுபடி திரும்பி வந்து நின்றாள்.

"ரெண்டு தபா படிக்கச் சொல்லு. மொத தபா என் காதுல ஏறாது."

அதையும் எழுதிவிட்டேன். இரண்டு தடவை படி.

நைனா